சித்தி தேய்த்த துப்பாக்கிக் கட்டை

அப்பாவிடம் ஒரு பழைய துப்பாக்கி இருந்தது. ஜெராம் ஊருக்கு உள்ளே எங்களுக்கிருந்த எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் புதிதாக நட்ட கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தோண்டித் தின்றுவிடும் என்று லைசென்ஸ் எடுத்து வாங்கியது. அது பன்றிகளைச் சுட்டதைவிட அப்பாவின் தோளை இடித்ததுதான் அதிகம். பின்பக்க மரக்கட்டை கறுத்து, வெடித்து, தொட்டால் கையில் சிராய் ஏறும்.

எனக்கு எட்டு வயதானபோது அதைச் சரிசெய்யும் வேலையைச் சித்தி கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மாவின் தங்கை; எங்களோடுதான் இருந்தார். நாற்காலி ஃபேக்டரியில் மெருகு போடும் வேலை. அப்பா இரும்புப் பாகத்தைக் கழற்றி அலமாரியில் பூட்டிவிட்டு, கட்டையை மட்டும் கொடுத்தார்.

“சீக்கிரம் குடுத்துடு. பன்னிக்கு லீவு கிடையாது லா.”

சித்தி வாசலில் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தார். கறுப்பு உரிந்து, உள்ளிருந்து சிவந்த மரம் வெளிப்பட்டது. வெடிப்பில் மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்துச் செம்பனைக்குலை ஏற்ற வந்த லோரிக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். ரவாங் பக்கத்து இளைஞர்.

“வார்னிஷ் அடிச்சிடாதீங்க. எண்ணெய் விட்டுத் தேய்ச்சாதான் நல்லாருக்கும்.”

“இது என்ன உங்க லோரியா? எனக்குத் தெரியும்,” என்றார் சித்தி.

அடுத்த முறை அவர் ஒரு போத்தல் ஆளிவிதை எண்ணெயோடு வந்தார். சித்தி வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து லோரி வரும் நாளெல்லாம் அவர் கட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். “இன்னும் கொஞ்சம் மினுங்கணும்” என்பார். அவர் போனதும் சித்தி, கண்ணாடிபோல் பளபளத்த கட்டையை மறுபடி தேய்த்து மங்கவைத்து, முதலிலிருந்து எண்ணெய் பூசுவார். கேட்டால், சரியாக வரவில்லையாம்.

இதற்குள் பன்றிகள் ஒரு வரிசைக் கன்றுகளை முடித்திருந்தன. அப்பா தகரத்தைத் தட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தார். அம்மா எதற்கோ அடுப்படியில் தனியாகச் சிரித்தார்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது: லோரிக்காரருக்கு எங்கள் துப்பாக்கிமேல் கண். ஒரு நாள் லோரியின் ஹார்ன் கேட்டதும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி அரிசி டின்னுக்குள் செருகி, மூடிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். சித்தி வீடெல்லாம் தேடினார். வெளியே லோரிக்காரரோ, “கட்டை கெடக்கட்டும், குடிக்கத் தண்ணி கெடைக்குமா?” என்றார். தண்ணீர் கொண்டுபோன சித்தி வெகுநேரம் திரும்பவில்லை. கட்டையை இருவருமே மறந்துவிட்டார்கள். திருடுகிறவனுக்கு இவ்வளவு மறதியா என்று எனக்கு ஆச்சரியம்.

அந்த மாதமே அவருடைய வீட்டிலிருந்து பெரியவர்கள் சித்தியைப் பெண் கேட்டுத் தட்டோடு வந்தார்கள். அடுத்த நாள் கட்டை அப்பாவின் கைக்கு வந்து சேர்ந்தது. இனி தேய்த்தால் மரமே மிஞ்சாது என்றார் அம்மா.

கோயிலில் கல்யாணம். வீட்டு வாசலில் காரில் ஏறும்போது சித்தி அழுதார், அம்மா அழுதார். நான் மட்டும் உள்ளே ஓடிப்போய் அலமாரிக் கதவை இழுத்துப் பார்த்தேன். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திரும்பி ஓடிவந்து, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

“அப்பா, அவரு ஒண்ணும் எடுத்துட்டுப் போகல!”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எதற்காகத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.