எதிர் வரிசையில் ஒரு தாய்வீடு

சைனப்புக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் அவளுடைய உம்மா சபுரா மேலப்பாளையத்திலிருந்து தாராவிக்கு வந்துவிட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். திரும்பும் ரயிலுக்கு இருவருக்கும் டிக்கெட் எடுத்தாயிற்று.

"நான் வரல உம்மா" என்றாள் சைனப்.

அவள் பல் மருத்துவம் முடித்து, மருத்துவமனையில் ஓராண்டுப் பயிற்சியில் இருந்தாள். அந்தப் பயிற்சி மார்ச்சுக்குள் முடிந்தால்தான் அந்த வருட எம்.டி.எஸ். மேற்படிப்பு நுழைவுத் தேர்வை எழுத விடுவார்கள். விட்ட நாட்களைப் பிறகு ஈடுகட்டலாம், தேர்வு போய்விடும்.

"அடுத்த வருசம் எழுதேன்."

"அப்ப இடுப்புல புள்ள இருக்கும். யாரு விடுவா?"

தோல்பைப் பட்டறையிலிருந்து வந்த கணவன் இனாயத்துல்லா சோற்றுத் தட்டோடு சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தான்.

"கூட்டிட்டுப் போகலன்னா பெத்தவளுக்கு நாதியில்லன்னு ஊரு பேசும்" என்றார் சபுரா.

"மாமியாக்காரி விடலன்னு இந்தச் சந்து பேசும், மைனி. என் பேரையும் சேத்துக் கெடுக்காதீங்க" என்றார் சைனப்பின் மாமியார் ஹபீபா.

மறுநாள் சைனப் வழக்கம்போல டூட்டிக்குப் போய்விட்டாள். பெட்டி கட்டியபடியே கிடந்தது. மாலையில் அவள் திரும்பியபோது சபுராவின் கையில் ஒரு சாவி இருந்தது. எதிர் வரிசையில் காலியாகக் கிடந்த மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருந்தார்.

"தாய் இருக்குற வீடுதானே தாய்வீடு? டிக்கெட்ட கேன்சல் பண்ணச் சொல்லு ஒம்மாப்பிள்ளய."

வெள்ளிக்கிழமை பலகாரத் தட்டுகளோடு அக்கம்பக்கத்துப் பெண்கள் சந்தின் குறுக்கே நடந்து சைனப்பை அங்கே கொண்டுபோய் விட்டார்கள்.

"என்ன ஹபீபாக்கா, மேலப்பாளையம் வண்டி வீட்டு வாசலுக்கே வந்துட்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஆமாட்டி, ஒன்ன விட்டுட்டுப் போயிட்டு!" என்றார் ஹபீபா.

மார்ச்சில் சைனப்பின் கால்கள் வீங்கின. நாற்காலியில் சாய்ந்திருக்கும் நோயாளியின் வாய்க்குள் குனிவதற்கு வயிறு இடம் கொடுக்கவில்லை. பக்கவாட்டில் நின்றே பல் பிடுங்கினாள். பயிற்சியின் கடைசி நாள் காலையில் இடுப்பு வலித்தது.

"அந்த வலியா?" என்று கேட்டார் சபுரா.

"இல்ல" என்றாள் சைனப். அவளுக்கே நிச்சயமில்லை.

சபுரா உடன் பஸ் ஏறி, பல் பிரிவின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். மதியத்துக்குள் சைனப் இரண்டு முறை வெளியே வந்து சுவரைப் பிடித்து நின்றாள். இரண்டு முறையும் சபுரா எழுந்தார்; மகள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். பெரிய டாக்டர் ஆபரேஷனிலிருந்து வந்து பயிற்சி முடிந்ததாகக் கையெழுத்துப் போட மாலையாகிவிட்டது.

மூன்றாம் முறை வந்தவள் உம்மாவின் தோளை இறுகப் பற்றினாள்.

"போட்டுட்டாரா?"

"போட்டுட்டாரு. பிரசவ வார்டு அடுத்த கட்டடம். மெதுவா நடங்க உம்மா."