குரோகி கைக்கு அமைந்த நிப்

ஜப்பானில் ஒனோமிச்சி ஊர்க் கடைத்தெருவின் எழுதுபொருள் கடையில் நிப் தேய்த்துக் கொடுப்பவள் மிசாவோ. வருகிறவர் முதலில் தன் பெயரையும் விலாசத்தையும் எழுதிக் காட்ட வேண்டும். பேனாவை எப்படிப் பிடிக்கிறார் என்று பார்த்த பிறகுதான் நிப்பில் கை வைப்பாள்.

அன்று வந்தவர் சோபா என்னும் நூடுல்ஸ் விற்கும் கடைக்காரர் குரோகி, தெருச் சங்கத்தின் புதிய தலைவர். எட்டு வருடமாகப் பூட்டி வைத்திருந்த தங்க நிப் பேனா கீறுகிறதாம். பேனாவை ஒரு பக்கமாகத் திருகிப் பிடித்து விலாசம் எழுதினார். படுக்கைக் கோடுகள் தடித்தும் நெட்டுக் கோடுகள் மயிரிழையாகவும் விழுந்தன.

அந்தக் கோடுகளை மிசாவோ அடையாளம் கண்டுகொண்டாள். எட்டு வருடத்துக்கு முன் தெருவின் நாற்பது வீடுகளுக்கும் வந்த மொட்டைக் கடிதத்தில் இதே கோடுகள். எழுத்தை மறைக்க அளவுகோல் வைத்து எழுதிய மகராசன், கோட்டின் பருமனை மறந்துவிட்டான். இப்படிக் கோடு போடுகிறவன் யார் என்று தெருவே ஒரு குளிர்காலம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டது. அவள் புருஷன் தோஷியோ தன் சோபா கடையில் பிறர் குடித்து மிச்சம் வைத்த சாற்றையே மறுபடி ஊற்றிக் கொடுக்கிறான் என்றது கடிதம். மூன்றே மாதத்தில் அவன் கடை மூடியது. எதிரே குரோகி கடையில் கூட்டம் சேர்ந்தது. ஒசாகாவில் லாரி ஓட்டப் போன தோஷியோ அந்த லாரியிலேயே செத்தான்.

பத்திரமாக வைத்திருந்த அந்தக் கடிதத்தை எடுத்து முகத்தில் எறியலாம். ஆனால் நான் எழுதவில்லை என்று ஒரே பேச்சில் ஊதித் தள்ளிவிடுவார். தெருவும் தலைவரைத்தான் நம்பும். இந்த ஆள் தன் கையாலேயே மாட்ட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"இனிமே சங்கத்துச் சுற்றறிக்கை என் கையெழுத்துலதான் வீடு வீடாப் போகப் போகுது. என் கைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கணும்மா."

"உங்க கோடு தனிக் கோடு, தலைவரே. அதை இன்னும் எடுப்பாக் காட்டறேன்."

சொன்னபடியே செய்தாள். அவ்வளவு கவனமாக அவள் எந்த நிப்பையும் தேய்த்ததில்லை. எழுதிப் பார்த்த குரோகி, வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்று பூரித்துப் போனார்.

திங்கட்கிழமை சாக்கடை சுத்தம் செய்வது பற்றிய அறிக்கை கிளம்பியது. ஒவ்வொரு வீட்டிலும் படித்ததற்கு அடையாளமாக முத்திரை குத்தி அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். ஏழாவது வீட்டில் மீன் விற்கும் ஹட்சுயே அதைப் பார்த்தவள் முத்திரை குத்தவில்லை. நேரே மிசாவோவிடம் வந்து பழைய கடிதத்தைக் கேட்டாள். மிசாவோ எடுத்துக் கொடுத்தாள். இரண்டும் மீன் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சாயங்காலத்துக்குள் தெருவே வந்து பார்த்துவிட்டது.

வெள்ளிக்கிழமை குரோகி வந்தார். மூன்று நாளாக அவர் கடையில் ஒரு கிண்ணம் சோபா கூட விற்கவில்லை.

"நிப்பைப் பழையபடி ஆக்கிக் குடும்மா," என்றார், தலை நிமிராமல்.

"தேய்ச்சு எடுத்தது போனதுதான், தலைவரே," என்றாள் மிசாவோ. "என் புருஷன் மாதிரி. திரும்ப வராது."