பேரை மட்டும் எடுக்காதீங்க

என் தாய்மாமா கவிஞர். ஆனால் செத்தவர்களுக்கு மட்டும்தான். எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கம் யாராவது இறந்தால், காரியத்தன்று அச்சடித்த சரமகவி ஒன்றை உறவுக்காரர்கள் முன்னால் பாடிப் படிப்பார்கள். பாதி ஊருக்கு எழுதியது மாமாதான். ஊரின் மழையில் தொடங்கும். ஆளின் கைவேலையைச் சொல்லும். கடைசியில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நின்றுவிடும். அந்த இடத்தில் அழாத ஆள் கிடையாது.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலையில் புளியமரங்களை வெட்டிப் போட்ட காலம் அது. போராட்டத்தில் குண்டடிபட்டுச் செத்த ஒரு பையனுக்கு மாமா எழுதியதைச் சங்கராபுரம் வரை மனப்பாடமாகச் சொன்னார்கள். அடுத்து வந்த தேர்தலில் அவரையே நிறுத்திவிட்டார்கள். கவிஞருக்கு ஓட்டு விழும் என்று கணக்கு. நல்ல கணக்குதான், போங்கள்.

அம்மாவும் நானும் ஜீப்பில் கூடவே போனோம். ஊருக்கு ஊர் அங்குள்ள பெரியவரை வாழ்த்தி ஒரு பாட்டுக் கட்டிப் பாடுவது மாமாவின் திட்டம். வாழ்த்துதான். ஆனால் அது மழையில் தொடங்கியது, கைவேலைக்கு வந்தது, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு நின்றது. முதல் ஊரிலேயே பெண்கள் தங்களை அறியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாடப்பட்ட பெரியவர் அந்த வாரமே கழனியில் மடை திருப்பிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

வயசாளி, வேளை வந்தது, போனார் என்றாள் அம்மா. ஊர் அப்படிச் சொல்லவில்லை. ஜீப் சத்தம் கேட்டாலே கதவுகள் சாத்திக்கொண்டன. பிள்ளைகளைப் பேர் சொல்லி அழைக்காமல் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். மலைமேல் கரியாலூரில் பட்டப்பகலில் தெருவே காலி. ஒரே ஒருவர் மட்டும் வந்து மாமாவைக் கும்பிட்டார்.

"ஓட்டு உங்களுக்குத்தாங்க. எம்பேர மட்டும் பாட்டுல எடுக்காதீங்க."

இறங்கி வரும்போது, வேறு மாதிரி எழுதேன் என்று அம்மா கெஞ்சினாள். மாமா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

"எழுதிப் பாத்துக்கினுதான்க்கா இருக்கறேன். வேற மாதிரி வரல."

கடைசிக் கூட்டம் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில். யார் பேரையும் எடுக்க வழியில்லாத மாமா, தன் பேரையே வைத்துப் பாடினார். அதில் ஓட்டு என்ற சொல்லே இல்லை. அவர் எழுதியதிலேயே அதுதான் உசத்தி. ஒருவரும் கைதட்டவில்லை, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் மட்டும் தட்டினேன்.

மறுநாள் அதைப் பாடிக்கொண்டே பாண்டி ஆடினேன். என்னை ஒருநாளும் அடிக்காத அம்மா முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"அந்தப் பாட்ட வூட்டுல பாடாத."

எதற்கு அடி என்று விளங்காமல் அழுதேன். மாமாதான் முறுக்கு வாங்கித் தந்து சமாதானம் செய்தார்.

அவர் தோற்றார். கார்த்திகை மழை விடுவதற்குள் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். காரியத்தன்று படிக்கச் சரமகவி இல்லை. அவருக்கு எழுத யாருக்கும் துணிவு வரவில்லை. அம்மா என்னைக் கூட்டத்தின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"அன்னிக்குப் பாடினியே, அதப் பாடு."

மழையில் தொடங்கினேன். ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிடும் இடத்தில் எல்லோரும் அழுதார்கள். ஓரடியும் தப்பாமல் பாடியதற்கு இந்தத் தடவையாவது மெச்சுவாள் என்று நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.