பாக்கெட்டில் ஒரு கை

பெருமூளை வாதம் உள்ளவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுப்பது என் தொழில். கோச்சாக இருந்து தலைமுடி கொட்டிப்போன அன்பர்களே, ஆட்டக்காரன் உடம்பு தேறினால் உங்களுக்குச் சந்தோஷம். எனக்குக் கவலை.

குளிர்

வேலுவுக்கு இருபத்திரண்டு வயது. கொடைக்கானல் மலையில், பூண்டியில் வெள்ளைப்பூண்டு விவசாயம். பிறவியிலிருந்தே வலது கையும் காலும் சொன்னபடி கேட்காது. அட்டுவம்பட்டியில் எங்கள் பயிற்சி மைதானத்துக்குக் கேரட் வண்டியில் வந்து இறங்குவான், வலது கையைப் பாக்கெட்டில் செருகியபடி. கொடைக்கானலில் எல்லோர் கையும் பாக்கெட்டில்தான் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. சித்திரை வெயிலிலும் எடுக்காதபோது ஏன் என்று கேட்டேன்.

"குளிருது சார்."

வேண்டுதல்

இந்திய அணிக்குத் தேர்வானான். வெளிநாட்டில் சர்வதேசப் போட்டி. மகன் கால் சரியாக வேண்டுமென்று மொட்டை போட அவன் அம்மா பழனிக்குக் கிளம்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் மறித்தேன். ஆடுமுன் டாக்டர்கள் பரிசோதிப்பார்கள், குறை போதாது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று விளக்கினேன். பஸ் படியில் கால் வைத்தபடியே சொன்னார்.

"அப்ப மேட்ச் முடியுற மட்டும் வெரசா ஒண்ணும் செஞ்சுபுடாதப்பான்னு முருகன்ட்ட சொல்லிட்டு வந்துர்றேன் சார்."

நடை

பரிசோதனை அறையில் நான் வாயைத் திறக்கக் கூடாது. வேலு பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து வந்தான். பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான், உடனே இடது கையால் அதைப் பவ்யமாகப் பிடித்துக்கொண்டான். பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தான். டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதல் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றார்கள். வெளியே வந்ததும் வேலு சிரித்தான்.

"கொஞ்சங்கூட இழுக்கல, பாத்தீங்களா சார்?"

நிக்கர்

ஆட்டக்காரர்களின் நிக்கரில் பாக்கெட் கிடையாது. முதல் பாதி முழுக்கக் கையை ஒளிக்க இடம் தேடியே ஓடினான். பிற்பாதியில் களைத்துப்போனான், பந்தும் காலுக்கு வந்தது, மற்றதெல்லாம் மறந்துவிட்டது. கை மடங்கி நெஞ்சுக்கு ஏறியது, கால் இழுத்தது, அவன்பாட்டுக்கு ஓடிப்போய் கோல் போட்டான். நான் கோலைப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த டாக்டர்களைத்தான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாங்கள் தோற்றோம், அவன் பரிசோதனையில் தேறினான். போனில் சேதி சொன்னதும் அவன் அம்மா கத்தியது எனக்கே கேட்டது.

"ஏலே, நெசமாவே கால் சரியில்லன்னு சொல்லிட்டாங்களா? முருகா, காப்பாத்திட்டப்பா!"

பிறந்ததிலிருந்து ஊர் இலவசமாகச் சொல்லிவந்ததை டாக்டர்கள் வாயால் கேட்க, நாங்கள் விமானம் ஏற வேண்டியிருந்தது.