ரெட்டியார்பாளையத்துத் தம்பி

ஆறாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் நான் நூலகத்தில் எடுத்த தடிப் புத்தகத்தில், ஒரு பெண் முடியை வெட்டிக்கொண்டு, இறக்கை முளைத்த புலிகளை அடக்கும் படையில் ஆணாகச் சேர்ந்துவிடுவாள். முந்நூறு பக்கம் ஆகியும் ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. பறக்கும் புலியை நான் நம்பிவிட்டேன். அத்தனை ஆண்களில் ஒருவனுக்குக்கூடவா கண் இல்லை என்பதைத்தான் நம்ப முடியவில்லை. பரீட்சித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முதலியார்பேட்டையில் எங்கள் தெருமுனைத் திடலை விட்டால் வேறு இடமில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற என் தாய்மாமாவும் அவருடைய கூட்டாளிகளும் மாலையில் அங்கே பெத்தாங்க் ஆடுவார்கள். தூரத்தில் கிடக்கும் சின்ன மரப்பந்துக்கு மிக அருகில் யார் இரும்புக் குண்டைப் போடுகிறார் என்பதுதான் ஆட்டம். ஒரே ஒருமுறை அந்தக் குண்டை எறிந்துவிட வேண்டும் என்று எனக்கு இரண்டு வருட ஆசை. பக்கத்தில் போனாலே மீசைக்காரப் பெரியவர் ஒருவர், "பொம்பளப் புள்ளைங்க கால்ல குண்டு வுழுந்துடும், தள்ளிப் போ" என்று விரட்டிவிடுவார். பையன்களின் கால் மட்டும் இரும்பிலா செய்தது என்று ஆத்திரமாக வரும்.

அண்ணனின் சட்டையையும் பேண்டையும் மாட்டி, சடையைத் தொப்பிக்குள் அமுக்கினேன். வெட்டினால் அம்மா என்னை வெட்டிவிடுவாள். அந்தச் சட்டையைத் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்ததே மாமாதான் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அங்கே எல்லோருக்கும் கை கொடுக்காமல் யாரும் ஆட்டத்தில் இறங்கக் கூடாது. நானும் ஒவ்வொருவருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தேன். மாமாவின் முறை வந்தபோது தொப்பியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"யாரு வூட்டுப் பையன்?" என்றார் மாமா.

"ரெட்டியார்பாளையம்" என்றேன், குரலைக் கட்டையாக்கிக்கொண்டு.

மாமா இருமினார். வெகுநேரம் இருமினார். மீசைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒரு ஆளு கொறையுது, எறியறானா பாப்போம்" என்று குண்டை நீட்டினார்.

முதல் குண்டு சாக்கடைப் பக்கம் ஓடியது. மூன்றாவது மரப்பந்தை உரசிக்கொண்டு நின்றது. தொப்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

கிளம்பும்போது மறுபடி கை நீட்டினேன். மீசைக்காரர் மட்டும் அதைப் பிடிக்காமல் குனிந்து, என் வலக் கன்னத்தில் ஒருமுறை, இடக் கன்னத்தில் ஒருமுறை தன் கன்னத்தை ஒற்றி எடுத்தார். மீசை குத்தியது.

"நாளைக்கும் வந்துடுடா தம்பி" என்றார்.

தம்பி! புத்தகம் பொய் சொல்லவில்லை. ஆண்களுக்கு நிஜமாகவே கண் தெரியாது என்று சந்தோஷமாக வீட்டுக்கு ஓடினேன். பள்ளி திறக்கும்வரை தினமும் போய் ஆடினேன்.

பல வருடம் கழித்து, மாமா மகளின் கல்யாணத்தில் அதே பெரியவர் மண்டப வாசலில் நின்று, தெரிந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். ஆண்களுக்குக் கை கொடுத்தார். பெண்களுக்கு, பிரெஞ்சுக்காரர்கள் வழக்கப்படி, இரண்டு பக்கமும் கன்னத்தை ஒற்றினார். நான் படியிலேயே நின்றுவிட்டேன். முதல் நாள் ஆட்டத்துக்கு முன்னால் கொடுத்ததோடு சரி, அந்தக் கோடை முழுக்க அவர் எனக்குக் கை கொடுக்கவே இல்லை, கன்னத்தைத்தான் ஒற்றினார். ஒருநாளும் தம்பி என்று கூப்பிடாமலும் இல்லை.