லமாரா வீட்டில் தண்ணீர் மட்டும்

லமாரா வீட்டுக்கு வந்த யாரும் வெறும் வயிற்றோடு படியிறங்கியதில்லை. நிலக்கரிச் சுரங்கம் ஓடிய காலத்தில் அவள் தொழிலாளிகளுக்கு விளக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். அப்போதே வீடு நிறைய ஆட்கள்தான். சுரங்கம் மூடிய பிறகு ஒருநாள் மின் இணைப்பைத் துண்டிக்க ஒருவன் வந்தான். அவனையும் உட்காரவைத்து பீன்ஸ் குழம்பும் ஒயினும் கொடுத்தாள். அவன் கோப்பையை உயர்த்தி மூன்று முறை அவளை வாழ்த்திக் குடித்தான். பிறகு வெளியே போய்க் கம்பத்தில் ஏறி இணைப்பைத் துண்டித்தான். இதைச் சொல்லிச் சொல்லி அவளே சிரிப்பாள்.

இந்த வாரம் சிரிப்பு வரவில்லை. இடுப்பு உடைந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கும் கணவன் ஓதாருக்கு மருந்தும், புண்ணுக்குக் கட்டு மாற்ற வரும் நர்சும் அரசாங்க உதவியில்தான். அந்த உதவி தொடரலாமா என்று மறுபடியும் பார்க்கப்போகிறார்கள். நலிந்தவர்களைத் தாங்குவது நாட்டின் கடமை என்று சட்டத்தில் அழகாக எழுதியிருக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் தாங்குவதற்கு முன், ஆள் நிஜமாகவே விழுந்து கிடக்கிறாரா என்று எட்டிப் பார்க்க நாடு ஒரு பெண்ணை அனுப்புகிறது. எப்போது வருவாள் என்று சொல்லமாட்டாள். வீட்டில் என்ன இருக்கிறது, அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று பார்த்துப் புள்ளி போடுவாள். புள்ளி கூடினால் உதவி நின்றுபோகும்.

பக்கத்து வீட்டுக் குலிகோ நேரிலேயே வந்து எச்சரித்தாள். "மேலத்தெரு வாலிகோ என்ன பண்ணான் தெரியுமா? வீட்டுக்கு வந்தவளாச்சேன்னு கடன் வாங்கிக் கோழி அடிச்சு வெச்சான். அவ தொடக்கூட இல்லை, கோழின்னு எழுதிட்டுப் போயிட்டா. நீயும் ஆரம்பிச்சுடாதடி. தண்ணி மட்டும் குடு."

பாலாடைக்கட்டி, ஒயின் குடம், அரை மூட்டை மாவு எல்லாம் குலிகோ வீட்டுக்குப் போயின. லமாரா மூன்று நாள் நிலைகொள்ளாமல் தவித்தாள். நாய் குரைத்தால் வாசலுக்கு ஓடினாள். மேசைமேல் விரிப்பைப் போட்டாள், எடுத்தாள், மறுபடியும் போட்டாள். ஒரே தம்ளரை நாலு முறை கழுவினாள்.

நான்காம் நாள் மதியம் கொட்டும் மழையில் அந்தப் பெண் வந்தாள். ருசுதான் என்று பெயர் சொன்னாள். காலணி முழுக்கச் சேறு, உதடு வெளுத்திருந்தது. பசி முகத்திலேயே தெரிந்தது. லமாரா தண்ணீர் வைத்தாள். பிறகு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் எழுந்து காலி அலமாரியைத் திறந்தாள், மூடினாள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு சூப் என்றாள். ருசுதான் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்து, ஏதோ எழுதிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

உள்ளறையிலிருந்து ஓதார் கூப்பிட்டான்.

"மழையில வந்த பொண்ணா அது?"

"ஆமா."

"வெறும் தண்ணி குடுத்தா அனுப்பிட்டோம்?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "என் ஒடஞ்ச இடுப்புக்காக நம்ம வீடு இப்படி ஆகணுமா, லமாரா?" என்றான்.

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. குலிகோ வீட்டுக்கு ஓடி, சட்டியில் வெந்துகொண்டிருந்த பாலாடைக்கட்டி ரொட்டியைத் துணியில் சுற்றிச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். குலிகோ வாசலில் நின்று திட்டியது அவள் காதில் விழவில்லை.

ருசுதான் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். லமாராவைப் பார்த்ததும் பதறிப்போய் அருகில் வந்தாள்.

"பயந்துட்டீங்களா, பெரியம்மா? உங்களுக்கு உதவி நிக்காது. எந்த வீட்டுக்குப் போனாலும் கடன் வாங்கியாவது ஏதோ ஒண்ணு வெச்சுடுவாங்க. பார்த்தா எழுதித்தானே ஆகணும். மனசு கேக்காது. மூணு வருஷத்துல தண்ணி மட்டும் வெச்சது உங்க வீட்டுலதான். நிஜமாவே ஒண்ணுமில்லைன்னு அப்பவே புரிஞ்சுடுச்சு."

ரொட்டியின் சூடு லமாராவின் மார்பைச் சுட்டது. சால்வையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பத்திரமாப் போம்மா," என்றாள்.

பேருந்து போனபின் நிறுத்தத்தின் சுவருக்குப் பின்னால் போய் நின்றாள். ரொட்டியோடு எப்படி வீடு திரும்புவது? பிய்த்துப் பிய்த்து வாயில் திணித்து, ருசி தெரியாமல் அத்தனையும் விழுங்கினாள். துணியை உதறி மடித்துக்கொண்டு சரிவில் ஏறினாள்.

ஓதார் விழித்துக் காத்திருந்தான்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"சாப்பிட்டாளா?"

"கடைசித் துண்டு வரைக்கும்," என்றாள் லமாரா.