யாரோமிரின் ஈயம்

பிராக் நகரத்து ஆய்வுக்கூடத்தில் மிலாடாவின் கைச்சுத்தம் பெயர்போனது. தராசுக்குப் பக்கத்தில் மூச்சைக்கூட அளந்துதான் விடுவாள். தனிமங்களின் அணு எடையைக் கண்டுபிடிப்பதுதான் அங்கே வேலை. ஆக்சிஜனுக்குப் பதினாறு என்று வைத்துக்கொண்டால் ஈயத்துக்கு இருநூற்றேழும் கொஞ்சமும் வரும். ஈயத்தை எந்த ஊரில் தோண்டினாலும் அதே எடைதான். அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

அந்த எடையால்தான் அவள் கணவன் யாரோமிரின் பிழைப்பு போனது. அவனும் அங்கேதான் இருந்தான். போன வருஷம் யுரேனியச் சுரங்கத்திலிருந்து வந்த ஈயத்தை எடைபோட்டான். இருநூற்றேழைத் தொடவே இல்லை. திரும்பச் செய்தான், அதேதான். பாத்திரத்தில் அழுக்கு என்றார் பேராசிரியர் ஹவெல்கா. மிலாடாவிடமும் கேட்டார். "கொஞ்சம் அவசரக்காரர்தான் ஐயா" என்று சொல்லிவிட்டாள். அழுக்குக் கை என்று பெயர் வாங்கினவனுக்கு அந்தக் கூடத்தில் இடமில்லை. இப்போது நிலக்கரிக் கிடங்கில் மூட்டை நிறுக்கிறான். அதோடாவது விட்டாளா? முட்டைக்கோஸ் சூப்பை ஊற்றும்போதெல்லாம் "கையக் கழுவினீங்களா?" என்று ஒரு குத்து. அவள் வாய் அப்படி.

இந்த வசந்தத்தில் அதே சுரங்கத்து ஈயம் மறுபடி வந்தது. கூடத்தின் பெயரை மீட்க வேண்டிய வேலை என்று ஹவெல்கா அதை மிலாடாவிடம் கொடுத்தார்.

வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்று சிவப்பு விளக்கின் கீழ் ஈய உப்புக் கரைசலில் வெள்ளிக் கரைசலைச் சொட்டினாள். கணக்குப்படி போட்டது போதவில்லை. இன்னும் கேட்டது. ஈயத்தின் அணு இலேசாக இருந்தால்தான் அப்படிக் கேட்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் இருநூற்றாறு புள்ளி ஏழு. எல்லாவற்றையும் கழுவி மறுபடி செய்தாள். அதே எண். அப்புறம் கடையில் வாங்கிய சாதாரண ஈயத்தை அதே பாத்திரத்தில் போட்டுப் பார்த்தாள். அது மட்டும் ஒழுங்காக இருநூற்றேழைத் தாண்டி நின்றது.

இரண்டு எண்களையும் பார்த்த ஹவெல்காவுக்கு நாற்காலி தேவைப்பட்டது.

"ரெண்டும் நீங்க செஞ்சதுதானாம்மா?"

"ஒரே கை, ஒரே பாத்திரம் ஐயா."

"வேற ஏதாவது கலந்திருக்குமோ?"

"நிறமாலையிலயும் பாத்துட்டேன். சுத்த ஈயம்."

"கடவுளே! அப்போ ஒரே தனிமத்துல எடை கொறஞ்ச அணுவும் இருக்கு, கூடுன அணுவும் இருக்கு. இத்தனை வருஷமா நாம கண்டுபிடிச்சதெல்லாம் ஒரு கூட்டத்தோட சராசரி!" கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டுக்காரர்..." என்று ஆரம்பித்தார்.

மிலாடா ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கிடங்குக்கு ஓடினாள்.

"என்ன கோலம் இது? யாராவது செத்துட்டாங்களா?" என்றான் யாரோமிர்.

"சுரங்கத்து ஈயத்த நான் எடைபோட்டேங்க."

அவன் மூட்டையை இறக்கி வைத்தான். "எவ்வளவு?"

"நீங்க சொன்னதேதான். ஈயத்துலயே ரெண்டு எடை இருக்காம்."

அவன் சிரிப்பான், திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மூட்டையின் கயிற்றை இறுக்கிக் கட்டினான். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சரியாத்தானே செஞ்சீங்க? அன்னிக்கே ஏங்க சண்டை போடல?"

"ஹவெல்கா சொன்னப்ப நான் நம்பல. நீ சொன்னதும் நம்பிட்டேன்." கரி அப்பிய கைகளைத் திருப்பிப் பார்த்தான். "அன்னிலேர்ந்து கழுவிக்கிட்டேதான் இருக்கேன், மிலாடா."